டீ ஃபேக்டரியில் பாரம் சுமந்த ஒட்டகம்

ஊட்டி ஏரிக்கரையில் குதிரை உண்டு, ஒட்டகம் கிடையாது. ஆனால் கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில் ஒரு டீ ஃபேக்டரியில், எடைத் தராசுக்குப் பக்கத்து அறையில், 2017 முதல் ஒரு ஒட்டகம் ராப்பகலாகப் பாரம் சுமந்துகொண்டிருந்தது. அப்பாச்சி கேமல் என்ற மென்பொருள்தான் அது. ஃபேக்டரிக்கான நிரலை முதலில் அதன் 2.19 பதிப்பில் எழுதினேன், பிறகு ஒரு முறை 2.24-க்கு ஏற்றினேன், அதோடு விட்டுவிட்டேன். ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்?

போன மழைக்கு அந்தப் பழைய கணினியின் பவர் சப்ளை ஒரு தடவை போய், மாற்றிப் போட வேண்டியிருந்தது. இங்கே அக்டோபர், நவம்பரில் சுவரே வியர்க்கும், கணினி எம்மாத்திரம். முதலாளி புதுக் கணினி வாங்கிவிட்டு, "தம்பி, புதுசா போடறப்ப எல்லாத்தையும் புதுசாவே போட்டுருங்க, நாளைக்கு மறுபடி வந்து நிக்க வேண்டாம்" என்றார். எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. கேமல் 3 வந்தது 2019 நவம்பரில், 4 வந்தது 2023 ஆகஸ்டில். நான் இன்னும் இரண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆகும் என்று சொன்னது, நாலு வாரம் இழுத்தது.

கேமல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தராசு ஒரு பாஷை பேசும், கணக்கு மென்பொருள் இன்னொரு பாஷை பேசும், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை வேறொன்று. இங்கிருந்து எடு, இப்படி மாற்று, அங்கே கொடு என்று ரூட் எழுதினால் கேமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரபலமான பாஷைகளுக்கெல்லாம் அடாப்டர் அதிலேயே இருக்கிறது, அதைக் காம்போனென்ட் என்பார்கள். இல்லாததற்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஃபேக்டரியில் நானே எழுதியது இரண்டு: ஒன்று தராசு, இன்னொன்று விவசாயிகளுக்கு ராத்திரி போகும் எஸ்எம்எஸ். மற்றபடி டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு எக்ஸ்எம்எல் அனுப்புவது, ஏல முடிவுகளின் சிஎஸ்வி கோப்பைப் படிப்பது எல்லாம் கேமலில் இருப்பவற்றை வைத்து ஒட்டியவை.

தராசுக்கு ஏன் சொந்தமாக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் வரும் சங்கடத்துக்கு அதுதான் வேர். ஹட்டிகள் என்கிற படகர் கிராமங்களிலிருந்து பிக்கப்பில் இலை மூட்டை வரும். ஒவ்வொரு மூட்டையாகத் தட்டில் வைப்பார்கள். தராசின் இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக வினாடிக்குச் சுமார் பத்து வரி துப்பிக்கொண்டே இருக்கும். வரியின் தொடக்கத்தில் எஸ்டி என்று வந்தால் தட்டு அசையாமல் நிற்கிறது, யுஎஸ் என்று வந்தால் இன்னும் ஆடுகிறது. அப்புறம் கூட்டல் குறி, எடை, கேஜி. சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று இடையில் இருப்பதால், நெட்வொர்க்கில் வருவதைப் படிக்கும் கேமலின் நெட்டி காம்போனென்ட்டை வைத்தே படித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த இண்டிகேட்டர் வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும்தான் போடும், லைன் ஃபீட் போடாது. நெட்டியின் டெக்ஸ்ட்லைனோ லைன் ஃபீட் வந்தால்தான் வரி முடிந்தது என்று நம்பும். ஆக, அது முடிவே இல்லாத ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தது. பைட்டுகளை வரியாகப் பிரிக்கும் டிகோடர் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தாலே போதும், அது இப்போது தெரிகிறது. அப்போது வயசு குறைவு, முழு காம்போனென்ட்டே எழுதிவிட்டேன்.

மாற்றும் வேலையில் நான் செய்த ஒரு புத்திசாலித்தனம், ஒரே தாவலில் 4-க்குப் போகாததுதான். கேமல் 4-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். நான் இருந்தது ஜாவா 8. இரண்டையும் சேர்த்து மாற்றினால், எது உடைந்தாலும் ஜாவாவால் உடைந்ததா கேமலால் உடைந்ததா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். கேமல் 3.14 வரைக்கும் ஜாவா 8-இல் ஓடும், 3.15-இலிருந்து ஜாவா 11 கேட்கும். அதனால் முதலில் ஜாவா 8-இலேயே இருந்துகொண்டு 3.14-க்கு வந்தேன். அப்புறம் ஜாவா 17 போட்டு 3.22. மூன்றாம் வரிசையில் கடைசி அதுதான். அதன் பிறகுதான் 4. ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் நின்று பார்த்தேன். 3.14, 3.22 இரண்டுக்குமே இப்போது ஆதரவு கிடையாது, ஆனால் படிக்கட்டில் குடியிருக்கப் போவதில்லையே, ஏறத்தானே.

இன்னொன்று, கை வைப்பதற்கு முன்னாலேயே தராசின் பேச்சைப் பதிவு செய்துகொண்டேன். அந்த ஈதர்நெட் பெட்டி ஒரு நேரத்தில் ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். பழைய நிரல் இணைந்திருக்கும்போது புதியது போய்க் கதவைத் தட்டினால் திறக்காது. அதனால் நடுவில் ஒரு சின்ன ரிலே எழுதினேன். தராசிடம் அது மட்டும் பேசும், வருகிற பைட்டுகளை அப்படியே கோப்பில் எழுதும், பழையதற்கும் புதியதற்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்கும். நூறு வரி நிரல். இந்த நாலு வாரத்தில் நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, 3.14. பதிப்பு எண்ணை மாற்றி பில்ட் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பு. பழைய கேமலில் கோர் என்பது ஒரே ஜார் கோப்பு, மூன்றில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து எடுக்கும் கருவியான மேவன் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்கேயோ மரம் விழுந்து ஃபைபர் அறுந்தது. மொபைல் டேட்டாவில் ஒரு கோடு வரும், மேகம் இறங்கினால் அதுவும் போகும். மறுநாள் மேட்டுப்பாளையம் போகிற நண்பரிடம் லேப்டாப்பையே கொடுத்தனுப்பி, கீழே அவர் வீட்டில் ஒரு முழு பில்ட் ஓடவிட்டு, ரெபாசிட்டரி ஃபோல்டர் நிரம்பியதும் மேலே கொண்டுவரச் சொன்னேன். அப்புறம் ஆஃப்லைனிலேயே வேலை நடந்தது. மலையில் இருப்பவர்கள் இதை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்.

சிவப்பில் முக்கால்வாசி சும்மா பெயர் மாற்றம்தான். டீஃபால்ட் காம்போனென்ட், டீஃபால்ட் எண்ட்பாயின்ட், டீஃபால்ட் புரொட்யூசர், டீஃபால்ட் கன்ஸ்யூமர் எல்லாம் இம்பிள் பேக்கேஜிலிருந்து சப்போர்ட் பேக்கேஜுக்குக் குடிபோய்விட்டன. இம்போர்ட் வரிகளை மாற்றினால் தீர்ந்தது. எச்டிடிபி4 என்று இருந்தது வெறும் எச்டிடிபி ஆகிவிட்டது, குவார்ட்ஸ்2 வெறும் குவார்ட்ஸ். கேமலின் சிம்பிள் என்ற குட்டி மொழியில் ப்ராபர்ட்டி என்று எழுதிக்கொண்டிருந்ததை எக்ஸ்சேஞ்ச் ப்ராபர்ட்டி என்று மாற்ற வேண்டியிருந்தது. மழை இலைக்கு ஈரத்துக்காக ஒரு சதவீதம் கழிப்பார்கள், அந்தக் கழிவை நான் ப்ராபர்ட்டியில்தான் வைத்திருந்தேன். இது கம்பைலில் தெரியாது, ஓடவிட்டதும் தெரியாத ஃபங்ஷன் என்று கத்தி நின்றுவிடும். கத்துகிற பிழைகள் எல்லாம் நல்ல பிழைகள். ஒரு மத்தியானத்தில் அத்தனையும் முடிந்தது. பதிவு செய்து வைத்த பைட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன், வரிகள் சரியாகப் பிரிந்தன, டெஸ்ட் எல்லாம் பச்சை. இவ்வளவுதானா என்று டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் சோதனை ஓட்டம். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். எடைக் கணக்கு எழுதுகிற அக்கா எப்போதும் ஒரு நீளமான நோட்டிலும் எழுதுவார், கணினியை அவர் முழுசாக நம்பியதே இல்லை. முதல் பிக்கப் வந்து மூட்டைகள் ஏறி இறங்கின. பழைய நிரலில் வரிசையாக எடைகள் பதிவாகின்றன. புதியதில் பூஜ்யம்.

"தம்பி, உங்க புது மிஷின்ல ஒரு மூட்டையும் ஏறலையே?"

"லாக்ல எரர் ஒண்ணும் இல்லைங்க அக்கா."

"எரர் இல்லேன்னா சரி. மூட்டை எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. லாக்கைப் பார்த்தால் வரி வந்தது, வரி வந்தது என்று வினாடிக்குப் பத்து. தராசு பேசுகிறது, காம்போனென்ட் கேட்கிறது, அதற்கப்புறம் மௌனம். எச்சரிக்கை இல்லை, எக்செப்ஷன் இல்லை.

இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் ரூட்டின் நடுவில் பாடி, அதாவது செய்தியின் உள்ளடக்கம், என்ன வகை என்று அச்சிட்டுப் பார்த்தேன். அது வெறும் எழுத்துச் சரமாகவே இருந்தது. நடந்தது இதுதான். தராசின் வரியை எடைப் பதிவு என்ற என் சொந்த வகைக்கு மாற்ற ஒரு டைப் கன்வெர்ட்டர் எழுதியிருந்தேன். கேமல் 2-இல், சர்வீசஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பில் பேக்கேஜ் பெயரை எழுதி வைத்தால் போதும், தொடங்கும்போது கேமலே அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். மூன்றாம் வரிசையில், வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக இந்தத் தேடலை வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் நாம்தான் முடுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது கம்பைல் நேரத்திலேயே லோடரை உருவாக்கிக்கொள்ள வேண்டும். என் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

கன்வெர்ட்டர் இல்லையென்றால் பிழை வர வேண்டாமா? வராது. பாடியை இந்த வகையாகக் கொடு என்று கெட்பாடி வழியாகக் கேட்டால், மாற்ற முடியாதபோது கேமல் நல் (null, அதாவது ஒன்றுமில்லை) என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகப் போய்விடும். கட்டாயம் வேண்டும் என்று கேட்கிற கெட்மேண்டேட்டரிபாடி வேறு, அது எக்செப்ஷன் எறியும். நான் 2017-இல் எழுதியது முதல் வகை. போதாததற்கு அடுத்த வரியிலேயே, நல் வந்தால் விட்டுவிடு என்று ஒரு ஃபில்டர் வேறு. தட்டில் ஒன்றும் இல்லாதபோது இண்டிகேட்டர் சில நேரம் வெற்று வரி அனுப்பும், அதற்காகப் போட்டது. அந்த ஃபில்டர் இப்போது எல்லா மூட்டையையும் வெற்று வரி என்று நினைத்துச் சத்தமில்லாமல் வடிகட்டிக்கொண்டிருந்தது.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? டெஸ்ட் வரிகளைப் பிரிப்பதையும் பாகுபடுத்தும் ஃபங்ஷனையும் நேராகக் கூப்பிட்டுச் சரிபார்த்தது. ரூட் முழுவதையும் ஓட்டிப் பார்க்கவே இல்லை. குழாயின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு நடுவில் தண்ணீர் ஓடுகிறது என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

திருத்தம் சின்னதுதான். தொடங்கும் இடத்தில், கன்வெர்ட்டர் ரெஜிஸ்ட்ரியை எடுத்து என் கன்வெர்ட்டரை நானே கையால் சேர்க்கும் ஒரு வரி. லோடரை உருவாக்கும் மேவன் ப்ளகின் வழியும் உண்டு, நிறைய கன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முறை. என்னிடம் ஒன்றே ஒன்று, அதற்கு ப்ளகின் எதற்கு. கூடவே எல்லா கெட்பாடியையும் கட்டாய வகைக்கு மாற்றினேன். வெற்று வரியை வெற்று வரியாகவே, அதாவது சரத்தின் நீளத்தைப் பார்த்து, முன்கூட்டியே தள்ளினேன். டெஸ்டையும் மாற்றி எழுதினேன்: பதிவு செய்த ஒரு முழு நாளின் பைட்டுகளை ரூட்டின் வாயில் ஊற்றி, கடைசியில் எத்தனை மூட்டை, மொத்தம் எத்தனை கிலோ என்று அக்காவின் நோட்டோடு ஒப்பிடும். நோட்டை போனில் படம் எடுத்து, எண்களை நானே உட்கார்ந்து அடித்தேன். ஒரு இடத்தில் நோட்டும் பழைய நிரலும் ஒத்துப்போகவில்லை, அரை கிலோ வித்தியாசம். விசாரித்தால், தட்டு ஆடி நிற்பதற்குள் ஒரு மூட்டையை இறக்கிவிட்டார்களாம். நோட்டுதான் சரி.

அடுத்தது எஸ்எம்எஸ். இது வேறு மாதிரி. ராத்திரி எட்டு மணிக்கு, அன்றைக்கு இலை கொடுத்த ஒவ்வொருவருக்கும் எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்று ஒரு செய்தி போகும். ரூட் முதலில் உறுப்பினர் பட்டியல் சர்வீசிடம் எச்டிடிபியில் போன் நம்பரைக் கேட்கும், அப்புறம் என் ப்ராசசர் செய்தியை எழுதும், பிறகு எஸ்எம்எஸ் சேவைக்கு இன்னொரு எச்டிடிபி அழைப்பு.

அந்த ப்ராசசரில் நான் கெட்அவுட் என்பதைப் பயன்படுத்தியிருந்தேன். கேமல் 3 முதல் அதை வேண்டாம் என்கிறார்கள், கெட்மெசேஜ் பயன்படுத்து என்கிறார்கள். கெட்அவுட் இன்னும் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் புதுசாகப் போடுகிறோமே என்று நானே வலியப்போய்ச் சுத்தம் செய்தேன். சோதனைக்கு என் நம்பரை மட்டும் பட்டியலில் வைத்திருந்தேன். எட்டு மணி ஆயிற்று, செய்தி வரவில்லை. காலையில் தோல்விக் கோப்புகளைப் பார்த்தால் எஸ்எம்எஸ் சேவை 404, அதாவது அப்படி ஒரு முகவரி இல்லை என்று சொல்லியிருக்கிறது. அழைத்த முகவரியைப் பார்த்தேன். சேவையின் முகவரி, அதன் வாலில் என் உறுப்பினர் எண்!

கெட்அவுட் புதிதாக ஒரு வெற்றுச் செய்தியைக் கொடுக்கும், பழைய ஹெட்டர்கள், அதாவது செய்தியோடு கூடப் போகும் குறிப்புகள், அதில் வராது. அதுதான் அதன் பிரபலமான குறை, எத்தனையோ பேர் ஹெட்டரைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்கள். என் ரூட்டோ, தெரியாமலே அந்தக் குறையை நம்பி வாழ்ந்திருக்கிறது. முதல் அழைப்புக்கு உறுப்பினர் எண்ணை எச்டிடிபி பாத் ஹெட்டரில் வைத்திருந்தேன். பழையதில் கெட்அவுட் அதைத் துடைத்துவிட்டது. புதியதில் கெட்மெசேஜ் விசுவாசமாக ஹெட்டரைச் சுமந்துகொண்டுபோய், இரண்டாவது அழைப்பின் முகவரியிலும் ஒட்டிவிட்டது. ரூட்டில் இரண்டு அழைப்புக்கும் நடுவில், கேமல் எச்டிடிபி என்று தொடங்கும் ஹெட்டர்களை நீக்கு என்று ஒரு வரி போட்டதும் போன் கிணுகிணுத்தது. எட்டு வருஷம் தப்பு தப்பை மறைத்திருக்கிறது. நம் குடும்பங்களில் நடக்காததா.

ஜாவா 17-க்கும் கேமல் 4-க்கும் போனது இவ்வளவு கதை இல்லை. எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB), ஜாவா 11-இலேயே ஜாவாவிலிருந்து வெளியே போய்விட்டது, அதைத் தனியாக டிபெண்டன்சியில் சேர்க்க வேண்டும். கேமல் 4-இல் இன்னொரு படி: ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ்கள் ஜகார்த்தா ஆகிவிட்டன. ஆரக்கிள் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுத்தபோது ஜாவாஎக்ஸ் என்ற பெயரைக் கூடக் கொடுக்கவில்லை, அதனால் 2020-இல் ஜகார்த்தா இஇ 9-இல் பெயரை மொத்தமாக மாற்றினார்கள். நான் எடிட்டரில் ஒரே அடியாக ஜாவாஎக்ஸ் எல்லாவற்றையும் ஜகார்த்தா என்று மாற்றி, இருந்த பிழைகளை இரட்டிப்பாக்கினேன். எல்லாம் மாறவில்லை. ஜாவாவோடு கூடவே வருகிற ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ் நெட் எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல் பார்சர்ஸ் எல்லாம் பழைய பெயரிலேயேதான் இருக்கின்றன. ஜேஏஎக்ஸ்பியின் எக்ஸ்எம்எல் பைண்ட் மாதிரி வெளியே போனவைதான் ஜகார்த்தா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். இந்த வேலைக்கென்றே ஓபன்ரீரைட் என்று ஒரு கருவி இருக்கிறது, கேமலுக்கான ரெசிப்பிகளும் அதில் உண்டு. எனக்கு அது வேலை முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

டேலி பக்கம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அது 9000 போர்ட்டில் உட்கார்ந்து எக்ஸ்எம்எல் வாங்கிக்கொள்கிறது, யார் அனுப்புகிறார்கள் என்று கேட்பதில்லை. நம் பக்கத்தில் எச்டிடிபி க்ளையன்ட் 5 ஆகிவிட்டதால் காலக்கெடு ஆப்ஷன்களின் பெயர்களை மட்டும் புதிதாகப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. டெஸ்டுகளை ஜேயூனிட் 5-க்கு மாற்றியது வெறும் கை வலி.

இரண்டு வாரம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டினோம். தினமும் சாயங்காலம் மூன்று எண்கள்: நோட்டு, பழையது, புதியது. முதல் வாரம் ஒரு நாள் புதியதில் ஒரு மூட்டை கூடுதலாக வந்தது. நடுவில் கரண்ட் போய் வந்தபோது ரிலே மறுபடி இணைந்து, தட்டில் இருந்த மூட்டையை இரண்டாம் தடவை சொல்லிவிட்டது. எடை ஒரு முறை பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் அடுத்த மூட்டை என்று ஒரு நிபந்தனை போட்டேன். பழையதில் இது ஏன் வரவில்லை என்றால், கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும், திரும்ப எழுவதற்குள் மூட்டையை இறக்கியிருப்பார்கள். புதுக் கணினிக்கு யூபிஎஸ் இருக்கிறது.

மூன்றாவது வாரம் பழையதை நிறுத்தினேன். அக்கா மட்டும் நோட்டை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ரிலேவை எடுத்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவைத்திருக்கிறேன். அரவேனு பக்கம் இன்னொரு ஃபேக்டரியில் இதே நிரலின் பழைய பிரதி ஓடுகிறது, அங்கே இண்டிகேட்டர் வேறு மாடல். அடுத்த வாரம் முதலில் ரிலேவை மட்டும் கொண்டுபோய் மாட்டி, நாலு நாள் பைட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வரப்போகிறேன்.